பரிசுப் பட்டியலில் இல்லாத சாதனை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேசியது ஒரு பேச்சுப் போட்டியில். எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அன்று போட்டியிட்டவர்கள் மூன்று பேர். ஆகவே இன்று என்னைப் பேச அழைத்த செயலாளரின் துணிவை முதலில் பாராட்ட வேண்டும்.

"அக்கா, நீங்கள் முப்பத்தைந்து வருஷம் காது கேளாத பிள்ளைகளோடை இருந்தனீங்கள். அந்தப் பிள்ளைகளின்ரை சாதனைகளைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று அவர் கேட்டார். நான் வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலுமாக மூன்று பாடசாலைகளில் கற்பித்தேன். அவற்றின் பெயர்களை இங்கே சொல்லமாட்டேன். நான் சொல்லப்போவதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. அது எந்தப் பாடசாலையின் கணக்கிலும் எழுதப்படக் கூடாது.

சாதனை என்றால் முதலில் விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். வலயமட்ட விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளை முதன்முதலாக அழைத்துச் சென்றபோது, நூறு மீற்றர் ஓட்டத்தில் எங்கள் பிள்ளை கடைசியாக வந்தாள். பயிற்சியில் அவளுடைய வேகம் எங்களுக்குத் தெரியும். பிறகுதான் காரணம் விளங்கியது. துவக்கின் சத்தம் அவளுக்குக் கேட்காது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலைப் பார்த்து, அந்தக் கால் அசைந்த பிறகுதான் அவள் புறப்பட்டாள். அடுத்த வருடம் அதிகாரியிடம் போய், துவக்கு வெடிக்கும் அதே கணத்தில் ஒரு சிவப்புக் கொடியையும் இறக்கும்படி கேட்டோம். அவர் மறுக்கவில்லை. "இதை ஏன் போன வருஷமே கேக்கேல்லை?" என்றுதான் கேட்டார். அவள் இரண்டாவதாக வந்தாள். அவளுடைய கால்கள் போன வருடத்துக் கால்கள்தான். செலவு ஒரு முழச் சிவப்புத் துணி.

செவிப்புலனற்றோருக்கென்றே உலக விளையாட்டு விழா ஒன்று 1924 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒன்பது நாடுகளோடு தொடங்கியது. இன்று அதை டெஃப்லிம்பிக்ஸ் என்கிறார்கள். அங்கே புறப்படுவதற்கு வெளிச்சம்தான் சைகை. ஓரளவு கேட்கக்கூடியவர்களும் தங்கள் கேட்டல் கருவியைக் கழற்றி வைத்துவிட்டே போட்டியில் இறங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நிசப்தம். அதுதான் அங்கே சமத்துவம்.

அடுத்தது நடனம். எங்கள் பிள்ளைகள் ஆடும்போது பார்ப்பவர்கள், "எப்படித் தாளம் பிசகாமல் ஆடுகிறார்கள்?" என்று கேட்பார்கள். மரப்பலகை மேடையானால் மிருதங்கத்தின் அதிர்வு ஓரளவு காலில் தெரியும். சீமெந்து மேடையானால் அதுவும் இல்லை. இரகசியம் சபைக்குப் பின்னால் இருக்கிறது. கடைசி வரிசைக்குப் பின்னே ஆசிரியை ஒரு வாங்கின் மேல் ஏறி நின்று முழு நடனத்தையும் தானும் ஆடிக்கொண்டிருப்பார். சபையோர் பிள்ளைகளைப் பார்ப்பார்கள்; பிள்ளைகள் ஆசிரியையைப் பார்ப்பார்கள். நானும் பல வருடம் அப்படி வாங்கின் மேல் நின்று ஆடியிருக்கிறேன். இந்தச் சரீரத்தோடு ஆடியதைச் சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனது சாதனை.

சித்திரத்திலும் தையலிலும் மரவேலையிலும் எங்கள் பிள்ளைகள் பெற்ற பரிசுகளை வரிசையாகச் சொன்னால் உங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

ஒருமுறை எங்கள் நடனக் குழு இதே மண்டபத்தில் ஆடியது. ஆட்டம் முடிந்ததும் நீங்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டினீர்கள். சிலர் கண்ணைத் துடைத்தீர்கள். மேடையை விட்டு இறங்கிய ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் வந்து, "எல்லாரும் ஏன் நுளம்பு அடிக்கினம்?" என்று சைகையில் கேட்டது. அதன்பின் தேநீர் கொடுத்தீர்கள், கேக் கொடுத்தீர்கள். தலையைத் தடவினீர்கள். ஒருவரும் அந்தப் பிள்ளைகளோடு பேசவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. எப்படிப் பேசுவதென்று உங்களுக்குத் தெரியாது. பேருந்தில் திரும்பும்போது நான் யோசித்துக்கொண்டே போனேன். நாம் இவர்களைப் பார்க்கிறோம், இவர்களோடு பேசுவதில்லை.

செவிப்புலனற்ற பிள்ளை பாடசாலைக்கு வரும்போது எதைக் கொண்டு வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் நன்றாகக் காது கேட்கும் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். சிலருக்குப் பரம்பரைக் காரணம். சிலருக்கு மூளைக்காய்ச்சல். தாய் கருவுற்றிருந்தபோது வந்த ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து, பலருக்குக் காரணமாக இருந்தது. இலங்கையில் 1996 இல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2020 இல் அந்த நோய் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தத் தடுப்பூசி இல்லை.

பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வராது. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்பார் அப்பம்மா. வசம்பு உரைத்து நாக்கில் தடவுவார்கள். நாக்குக்கு அடியில் வெட்ட வேண்டும் என்பார்கள். நேர்த்தி வைப்பார்கள். இப்படியே நான்கு, ஐந்து, ஆறு வயது. அதற்குள் எத்தனை "ஏன்", எத்தனை "எப்ப", எத்தனை கதை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விட்டன! ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளையைத் தாய் கொண்டுவந்து விட்டார். இடாப்பில் எழுதுவதற்கு அவளுடைய பெயர் இருந்தது. ஆனால் தனக்கு ஒரு பெயர் இருக்கிறதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பெயர் என்பது காதால் வருவதல்லவா? அவளை யாரும் கூப்பிட்டதேயில்லை. தோளில் தட்டினார்கள், கையைப் பிடித்து இழுத்தார்கள். அவ்வளவுதான்.

இப்படியான பிள்ளைகளுக்கு எங்கள் பகுதியில் முதலில் கதவு திறந்தவர்கள் பெண்கள் என்பதை இந்தச் சபையில் பெருமையோடு சொல்லலாம். பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் என்னும் மிஷனரிப் பெண்மணி 19 ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இலங்கையில் மேரி சப்மன் அம்மையார் 1912 இல் தொடங்கினார்; பின்னர் பர்மாவுக்குப் போய் 1920 இல் ரங்கூனிலும் ஒன்றைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் 1956 இல் நவீல்ட் பாடசாலை வந்தது. இவர்கள் எல்லோரிடமும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

ஆனால் எப்படிக் கற்பிப்பது என்பதில் உலகம் முழுவதும் ஒரு பெரிய பிழை நடந்தது. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. வந்திருந்த 164 பேரில் ஒரேயொருவர்தான் செவிப்புலனற்றவர். சைகை மொழியை விட்டுவிட்டு வாய்ப்பேச்சாலும் உதட்டசைவைப் பார்ப்பதாலும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். சைகையை அனுமதித்தால் பிள்ளை பேசக் கற்காது என்பது அவர்கள் எண்ணம். தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகு நான் பயிற்சி பெற்று வகுப்புக்குப் போனபோதும் எனக்குச் சொல்லித் தந்தது அதையேதான். நான் முழுமனதோடு நம்பினேன்.

காலையில் ஒரு கண்ணாடி, ஒரு மெழுகுதிரி, சில கடதாசித் துண்டுகள். "ப" என்று சொன்னால் சுடர் அசையும். "ம" என்று சொன்னால் அசையாது. பிள்ளையின் கையை எடுத்து என் மூக்கில் வைத்து "ம" வின் அதிர்வைக் காட்டுவேன். தொண்டையில் வைத்து "க" வைக் காட்டுவேன். ஒரு சொல்லுக்கு ஒரு மாதமும் எடுக்கும். இதில் பெரும் அன்பும் பொறுமையும் இருந்தன. பலன் பெற்ற பிள்ளைகளும் உண்டு. முக்கியமாக ஓரளவு கேட்டல் உள்ள பிள்ளைகள். ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பணம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மணம்" என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். "படி", "மடி" யும் அப்படியே. இந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க அப்படிப்பட்ட உதடுகளைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஊகம் பிழைத்தால் "கவனமில்லை" என்று நான் ஏசினேன்.

கையைத் தூக்கினால் இன்னும் மோசம். என் மேசையில் ஓரடி நீளமான அடிமட்டம் ஒன்று இருந்தது. சைகை செய்த கையில் அதனால் தட்டுவேன். பலமாக அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, "கைகளை மேசைக்குக் கீழே வை" என்பேன். கைகளின் மேல் உட்கார வைத்ததும் உண்டு.

ஓர் இரவு விடுதிப் பொறுப்பு என்னுடையது. விளக்கு அணைத்து நெடுநேரத்துக்குப் பின் கிணற்றடிப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு லாம்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நடுவில் பதின்மூன்று வயதுப் பிள்ளையொருத்தி கைகளால் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் அத்தனை பேரும் ஒரே கணத்தில் சிரித்தார்கள். தன் பெயரைத் தெரியாமல் வந்தாளே, அந்த ஏழு வயதுப் பிள்ளையும் சிரித்தாள். என் வகுப்பில் ஒரு வருடம் இருந்தும் அவள் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். லாம்பை அணைத்து எல்லோரையும் படுக்கைக்கு விரட்டினேன். மறுநாள் கதை சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கொடுத்தேன்.

அந்த விடுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிள்ளைகளே ஒரு பெயர்ச் சைகை வைத்திருந்தார்கள். அந்தச் சின்னவளுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு; ஆகவே இரண்டு விரலால் புருவத்தைக் கீறுவது அவள் பெயர். முதன்முதலில் அவளுக்கு ஒரு பெயரைக் கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்பது வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கையின் விளிம்பால் மறு கையின் மணிக்கட்டில் தட்டுவது. அடிமட்டம்.

இனி 1995 ஆம் ஆண்டு. இங்கிருக்கும் பலருக்கு அந்த ஒக்ரோபர் 30 ஆம் திகதியை நான் விளக்கத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தேன். புருவத்தில் தழும்புள்ள அந்தப் பிள்ளையும் பாடசாலையை விட்டு வந்து, எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து ஒழுங்கையில் தாயோடு இருந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். கேட்டல் கருவி வைத்திருந்தவர்களுக்கும் அந்த வருடங்களில் பயனில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். கருவிகள் அலுமாரிக்குள் கிடந்தன.

மழை. இருட்டு. சைக்கிள்களும் வண்டில்களும் தலைச்சுமைகளுமாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எங்கள் பக்கமாக ஒரு பெண் அழுதபடி வந்தார். அவளுடைய தாய். "ரீச்சர், பிள்ளையைக் காணேல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான். நெரிசலுக்கை கை விட்டுப்போச்சு."

நாலாபுறமும் சனங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காணாமற்போன பிள்ளைகளை, கிழவர்களை, அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டார்கள். அந்தத் தாய்க்கு மட்டும் கூப்பிடுவதற்குக் குரலால் பயனில்லை.

என் கணவர் சைக்கிளை வீதியோரமாக எடுத்து ஸ்ராண்டில் நிறுத்தினார். மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் நாங்கள் றேடியோ கேட்டோம், உங்களுக்கு நினைவிருக்கும். அவர் கையால் பெடலைச் சுற்றினார். லைற் எரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் இருந்த ஒரு மதகுக் கட்டில் ஏறி நின்றேன். கையை உயர்த்தி, என் புருவத்தை இரண்டு விரலால் பெரிதாகக் கீறினேன். மீண்டும் மீண்டும் கீறினேன். எத்தனை தரம் என்று தெரியாது. என் வாழ்நாளில் நான் மனமார்ந்து செய்த முதலாவது சைகை அது. நானே தடைசெய்திருந்த மொழியில் ஒரு பெயர்.

சனக்கூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு கைகள் மேலெழுந்தன. ஒரு கையின் விளிம்பு மறு கையின் மணிக்கட்டில் தட்டியது. அவள் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த இரவுக்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையிடமும் கையைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்திருந்த மாதங்களில் அவளிடமே சைகை மொழி படித்தேன். நாற்பத்துமூன்று வயதில் ஒரு கொட்டிலில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் பிழைவிட்டால் அவள் ஏசவில்லை. என் விரல்களைப் பிடித்துத் திருத்தினாள்.

பிற்காலத்தில் நான் நிக்கராகுவா நாட்டைப் பற்றி வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்து நீண்டநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்டில் 1970களின் பிற்பகுதி வரை செவிப்புலனற்ற பிள்ளைகள் வீடுகளில் தனித்தனியே இருந்தார்கள். 1977 இலும் 1980 இலும் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கான பாடசாலைகள் வந்தன. ஆசிரியர்கள் வகுப்பில் உதட்டைப் பார்த்து ஸ்பானிய மொழியைப் படிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. ஆனால் விளையாட்டு முற்றத்திலும் பாடசாலை பஸ்ஸிலும் அவர்கள் தங்கள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதை வாங்கி இலக்கணம் உள்ள மொழியாக வளர்த்தார்கள். 1986 இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளரை அழைத்துக் காட்டியபோதுதான், அது முழுமையான ஒரு புதிய மொழி என்பது வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. பெரியவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமல், பெரியவர்கள் கவனிக்காத இடத்தில், பிள்ளைகள் ஒரு மொழியை உண்டாக்கினார்கள்.

எங்கள் கிணற்றடியிலும் அதன் ஒரு துளி நடந்தது. நான் போய் லாம்பை அணைத்தேன்.

மிலான் மாநாட்டின் வழிவந்த அதே சர்வதேச மாநாடு 2010 இல் கனடாவின் வன்கூவர் நகரில் கூடியபோது, 1880 இன் தீர்மானங்களைக் கைவிட்டு, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. நூற்றுமுப்பது வருடங்கள். நான் அந்தச் செய்தியை என் பழைய மாணவிகளுக்குக் காட்டினேன். அவர்கள் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். "தாமதம்" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான்.

சைகையை வகுப்புக்குள் கொண்டுவந்த பின் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தமிழ் எழுத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு மிகக் கடினமானது வேற்றுமை உருபு. ஒரு பையன் கொப்பியில் "நாய் தம்பி கடி" என்று எழுதினான். யார் யாரைக் கடித்தது? "தம்பியை நாய்" என்றால் தம்பிக்கு ஊசி. "நாயைத் தம்பி" என்றால் நாய்க்கு ஊசி. அந்த ஒற்றை "ஐ" உதட்டில் அநேகமாகத் தெரியாது. வருடக்கணக்காக நான் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தேன். ஆனால் சைகையில் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைக் கை போகும் திசையே காட்டிவிடுகிறது. கை எங்கே போய் முடிகிறதோ அந்த இடத்தில் "ஐ" யைப் போடு என்று சொன்னேன். இரண்டு கிழமையில் வகுப்பில் பாதிப்பேருக்குப் பிடிபட்டது. எனக்குப் பிடிபட இருபது வருடம் எடுத்தது.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தமிழ்ப் பாடத்தில் எஸ் சித்தி பெற்றாள். உங்கள் வீடுகளில் எஸ் வந்தால் அன்று பிள்ளைக்கு ஏச்சு விழும். எங்கள் விடுதியில் அன்று பொங்கல் பொங்கினோம். எந்தப் பரிசுப் பட்டியலிலும் அந்த எஸ் ஏறவில்லை. கிணற்றடிக் கதைகளும் ஏறவில்லை. நான் கண்ட இரண்டு பெரிய சாதனைகள் இவைதான்.

இனி உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, அம்மம்மாக்களாகவும் அப்பம்மாக்களாகவும் இருக்கும் உங்களுக்கு. பிறந்த குழந்தையின் கேட்டலைச் சில நிமிடத்தில் நோவில்லாமல் சோதிக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. சந்தேகம் வந்தால் அந்தக் கிழமையே போங்கள். வசம்பையும் "பிந்தித்தான் கதைக்கும்" என்ற ஆறுதலையும் விட்டுவிடுங்கள். கருவியோ, உட்காதுச் சத்திரசிகிச்சையோ வைத்தியர் சொல்வதைச் செய்யுங்கள். ஆனால் அதுவரை பிள்ளையை மொழியில்லாமல் காத்திருக்க வைக்காதீர்கள். கையால் பேசத் தொடங்குங்கள். கையால் பேசினால் வாய் பேசாது என்பது நாங்கள் நம்பிய பழைய பிழை.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாருக்கு. லண்டனில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பேரன் காது கேளாதவன். "அவன் பள்ளிக்கூடத்தில் பிரிட்டிஷ் சைகை படிக்கிறான். எனக்கோ இங்கிலீஷே வராது. அவனோடை எனக்கு ஒரு பாசையும் இல்லை" என்று அவள் கவலைப்பட்டாள். நான் சொன்னேன்: பிரிட்டிஷ் சைகை மொழி இங்கிலீஷ் அல்ல. அது தனி மொழி, தனி இலக்கணம். அதைப் படிக்க இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. கனடாவில் படிப்பது வேறு, அவுஸ்திரேலியாவில் படிப்பது வேறு, இங்கே எங்கள் பிள்ளைகள் பேசுவது வேறு. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுச் சைகையைப் படியுங்கள். அவள் எழுபது வயதில் வகுப்புக்குப் போனாள். சென்ற மாதம் வீடியோவில் பேரனும் அவளும் சண்டை பிடிப்பதைக் காட்டினாள். மொழி வந்துவிட்டதற்குச் சண்டையை விட நல்ல அத்தாட்சி இல்லை.

மூன்றாவது, எங்கள் சங்கத்துக்கு. நூற்றாண்டை முன்னிட்டு செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஒரு நன்கொடை வழங்க விரும்புவதாக அறிந்தேன். மனமார்ந்த நன்றி. அதைவிட ஒன்றை விரும்பிக் கேட்கிறேன். இந்தக் கல்லூரியில் கிழமைக்கு ஒருநாள் சைகை மொழி வகுப்பு ஒன்று வையுங்கள். கற்பிப்பவர் செவிப்புலனற்ற ஒருவராக இருக்கட்டும். அவருக்குச் சம்பளம் கொடுங்கள். கைம்மாறு வேண்டாம் என்று சொன்னாலும் கொடுங்கள். இங்கிருந்து போகும் பிள்ளைகள் நாளைக்கு வைத்தியர்களாக, வங்கி அலுவலர்களாக, கிராம அலுவலர்களாக இருப்பார்கள். அவர்களுடைய மேசைக்கு முன்னால் ஒருநாள் என் மாணவி ஒருத்தி வந்து நிற்பாள். அவளைத் "துணைக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பாமல், "இரு, என்ன வேணும்?" என்று கையால் கேட்க ஒருவர் இருந்தால் போதும். அடுத்த முறை எங்கள் பிள்ளைகள் இந்த மேடையில் ஆடிவிட்டு இறங்கும்போது, தேநீர்க் கோப்பையோடு உங்கள் பிள்ளைகள் போய் அவர்களோடு பேச வேண்டும். எனக்கு அது போதும்.

நான் பேசிய இவ்வளவு நேரமும் மேடையின் வலப்பக்கத்தில் ஒரு தம்பி கைகளால் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவர் மூன்றாம் வரிசையில் இருக்கும் ஒருவருக்காகப் பேசினார். இன்று ஒரு பாடசாலை விடுதியில் புதிதாக வரும் சின்னப் பிள்ளைகளுக்கு முதற் சைகைகளைச் சொல்லிக் கொடுப்பவர் அவர். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. வகுப்புக்கு யாரை அழைப்பது என்று சங்கத்தினர் தேடத் தேவையில்லை.

என் பெயரை மாற்றித் தரும்படி அவரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். முடியாதாம். வைத்த பெயர் வைத்ததுதானாம்.

நீங்கள் கைதட்டினால் அவருக்குக் கேட்காது. அவர்களுடைய வழக்கப்படி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி அசையுங்கள். கைகளைக் கீழே வை என்று பல வருடம் சொன்னவள் கேட்கிறேன். தயவுசெய்து கைகளை உயர்த்துங்கள்.

வணக்கம்.